இருபத்து நாலாம் நம்பர் பஸ்ஸின் மின்னூட்டம்

“எல்லாருக்கும் ஒண்ணு புள்ளி ஆறு வருது. உனக்கு மட்டும் ஒண்ணு புள்ளி ஏழு. இயற்கை உன்கிட்ட மட்டும் தனியா பேசுதா?”

இயற்பியல் ஆய்வகத்துக்குப் பொறுப்பான மேடம் எதிரே நின்ற மாணவியின் ரெக்கார்டு நோட்டைக் கையெழுத்திடாமலே மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். நாலு மணிக்குள் அந்தக் கையெழுத்து விழாவிட்டால் நாளைய செய்முறைத் தேர்வுக்குள் அவளை விடமாட்டார்கள். ஒரு வருடம் வீண். பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன் நெட்டையின் நோட்டு அரை நிமிடத்தில் கையெழுத்தாகிவிட்டது. அவன் கண்டுபிடித்த எலக்ட்ரானின் மின்னூட்டம் அச்சுப் புத்தகத்தைவிடச் சுத்தமாக இருந்தது.

எதற்கும் வாதாடுவதால் வகுப்பில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். மூன்று வாரமாக இருட்டறையில் ஒற்றைக் கண்ணால் நுண்ணோக்கிக்குள் பார்த்துக் கிடந்தவள் அவள். தெளித்த எண்ணெயின் பொடித்துளிகள் வெளிச்சத்தில் விண்மீன்கள்போல மினுங்கும். மின்சாரத்தைக் கொடுத்தால் மேலே ஏறும், நிறுத்தினால் கீழே இறங்கும். அந்த வேகங்களிலிருந்து துளியின் மின்னூட்டத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு துளியைப் பின்தொடர்ந்து போகையில், வேறு யாரும் மிதிக்காத ஊருக்குள் நுழைவதுபோல் இருக்கும் அவளுக்கு. அப்படி நாற்பத்தொரு துளிகள். நெட்டை பார்த்தது மூன்று. அதிலும் ஒன்றைக் கொட்டாவி விட்டுத் தொலைத்துவிட்டான்.

அவன் கணக்குப் போட்ட விதத்தை நேற்றே அவள் பார்த்திருந்தாள். வகுப்பே அப்படித்தான் போட்டது. துளியின் மொத்த மின்னூட்டத்தைப் புத்தகத்து ஒன்று புள்ளி ஆறால் வகுப்பது. வந்ததை முழு எண்ணாக்கி, துளியில் இத்தனை எலக்ட்ரான் என்று எழுதுவது. பிறகு அதே எண்ணால் மொத்தத்தை வகுத்து, “இதோ ஒரு எலக்ட்ரான்” என்பது. விடையை உள்ளே வைத்துத் தைத்துவிட்டு, பிரித்துப் பார்த்து வியப்பதுபோல.

அவளுடைய வழி வேறு. அவள் அம்மா பித்தான் கம்பெனியில் பொட்டலம் எடைபோடுகிறவள். பொட்டலத்தைப் பிரிக்காமலே, எடைகள் எந்தப் படியில் ஏறி இறங்குகின்றன என்று பார்த்து ஒரு பித்தானின் எடையைச் சொல்லிவிடுவாள். மகளும் துளிகளை அப்படித்தான் வரிசைப்படுத்தினாள். இருபத்து இரண்டு புள்ளி ஒன்று, இருபத்து மூன்று புள்ளி எட்டு, இருபத்தைந்து புள்ளி ஐந்து. ஒவ்வொரு படியும் ஒன்று புள்ளி ஏழு. இடையில் எதுவும் நிற்கவில்லை. மின்னூட்டம் தண்ணீர்போல ஒழுகுவதில்லை, பித்தான் பித்தானாகத்தான் வருகிறது என்று தெரிந்த அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

படி கொஞ்சம் பெரிதாக வந்திருப்பது அவளுக்கும் தெரியும். தட்டுகளின் இடைவெளியோ காற்றைப் பற்றிய திருத்தமோ, எங்கோ பிழை இருக்கிறது, தேடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். தேட நேரமில்லை, மற்றவர்களைப்போல் கணக்கை மாற்றி எழுதிக் கொண்டுவா என்றார் மேடம்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. மேசையில் கிடந்த காகிதத்தை இழுத்து, எழுதிக்கொண்டே சொன்னாள்.

“நான் வர்ற பஸ் நம்பர் இருபத்து நாலு மேடம். ஒண்ணு புள்ளி ஆறால வகுத்தா பதினஞ்சு. இருபத்து நாலைப் பதினஞ்சால வகுத்தா, ஒண்ணு புள்ளி ஆறு. உங்க ரூம் நம்பர் முப்பத்தேழு. இருபத்து மூணு எலக்ட்ரான்னு வெச்சுக்கிட்டா, ஒண்ணு புள்ளி ஆறு ஒண்ணு. பஸ்ஸுக்கும் கதவுக்கும் கையெழுத்துப் போடுவீங்க, எனக்குப் போடமாட்டீங்களா?”

நெட்டை சிரிக்கப் பார்த்து, இருமலாக்கிக்கொண்டான்.

மேடம் காகிதத்தை வாங்கி, அந்த வகுத்தலைத் தானே போட்டுப் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

“நாங்க படிச்சப்பவும் இப்படித்தாம்மா போட்டோம். கருவி அப்போ ரிப்பேர், துளியையே பார்க்கல.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? பாடம் எடுக்க வந்துட்டேன்.”

பதினெட்டு வருடமாக இந்த ஆய்வகத்தின் சாவி அவரிடம் இருக்கிறது. அவளுக்குப் பரிதாபம் வரவில்லை. ஆத்திரம் இன்னும் ஏறியது. மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது. அவள் போய் இருட்டறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“கையெழுத்து அப்புறம் போடுங்க, போடாமக்கூட இருங்க. ஒரே ஒரு துளி, மேடம். விடை தெரியாதவங்க மாதிரி வந்து பாருங்க.”