அடிக்குறிப்பு 143

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. மினசோட்டாவில் ஒரு சட்டக் கல்லூரி நூலகத்தில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். என் மேசைக்குப் பின்னால்தான் மாணவர்களே நடத்தும் சட்ட இதழின் அறை. நடுவில் வெறும் பலகைச் சுவர். என் காதை நான் என்ன செய்ய?

'மாரிட் லின்ட்வால் நேர்மையானவள்' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். ஆதாரம் இல்லை.

2

இந்தக் கூத்து வேறு துறைகளில் நடக்குமா தெரியாது. இருபத்துநாலு வயசுப் பிள்ளைகள் பேராசிரியர்களின் கட்டுரைகளைப் பொறுக்கி எடுக்கிறார்கள், திருத்துகிறார்கள், வரிக்கு வரி ஆதாரம் கேட்டு உயிரை வாங்குகிறார்கள். அடிக்குறிப்பு இல்லாத வாக்கியம் அச்சேறாது. அச்சேறியதை நீதிபதிகள் நம்பித் தீர்ப்பில் மேற்கோள் காட்டுகிறார்கள்.

போன வருஷம் ஒரு பேராசிரியர் எழுதினார்: 'வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸைக் கதவில் ஒட்டினால் போதும் என்பதே பெரும்பாலான நீதிமன்றங்களின் கருத்து.' ஆதாரம் கேட்டால், "நீங்களே பாத்துப் போட்டுக்குங்க" என்றுவிட்டார். சரிபார்க்கும் பொறுப்பு இதழில் இருந்த மாணவி மாரிட்டுக்கு. மறுநாள் கெடு. ஒரே ஒரு வழக்கு கிடைத்தது. தீர்ப்புக்கு மேலே இருந்த சுருக்கத்தில் முதல் வரியை மட்டும் படித்தாள், போட்டாள். அடிக்குறிப்பு எண் 143.

அந்த முதல் வரி கீழ்நீதிமன்றம் சொன்னது. ஆறாம் பக்கத்தில் மேல்நீதிமன்றம் அதைக் கவிழ்த்திருக்கிறது: ஒட்டினால் போதாது.

3

இந்த வருஷம் அவள்தான் இதழின் தலைமை ஆசிரியர். திங்கட்கிழமை ஒரு தீர்ப்பு வந்தது. 143ஐ நம்பி, கதவில் ஒட்டிய நோட்டீஸே போதும் என்று, வாண்டா கெசல் என்ற பெண்மணியைத் தன் டிரெய்லர் வீட்டைப் பதினாலு நாளில் காலிசெய்யச் சொல்லியிருக்கிறார் நீதிபதி. ஜனவரி மாசம், கொட்டும் பனி. படிப்பு முடிந்து ஆகஸ்டில் மாரிட் உதவியாளராக வேலைக்குச் சேரப்போவது அதே நீதிபதியிடம்.

"நம்ம இதழைத் தீர்ப்புல போட்டிருக்காங்கப்பா! பீட்சா சொல்லவா?" துணை ஆசிரியன் எமெட் குதித்தான்.

"சொல்லாதே. அது நான் போட்டது. தப்பு."

"எது தப்பு?"

"அந்த வழக்கை நான் முழுசா படிக்கவே இல்ல. தீர்ப்பைப் பாத்ததும்தான் படிச்சேன்."

எமெட்டின் குரல் இறங்கியது. "யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உனக்கு."

(எனக்கும். அது இந்த அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கட்டும்.)

"திருத்தம் போடணும், எமெட். அந்தம்மாவோட வக்கீலுக்கும் எழுதணும்."

"எழுது. அப்புறம் அந்த நீதிபதி மூஞ்சில எப்படி முழிப்ப? உன்னைச் சேத்துப்பாரா? வக்கீல்னு ஒருத்தர் இருந்தாரில்ல, அவர் தேடிப் பாத்திருக்க வேண்டியதுதானே?"

"பாக்கலையே! எல்லாரும் நம்மள நம்பிட்டாங்க."

4

முதல் பிரதியில் நீதிபதியைக் கல்நெஞ்சக்காரராக எழுதினேன். கதை சுலபமாகிவிட்டது, அதனால் கிழித்தேன். உண்மையில் அவர் மாரிட்டுக்குக் கைப்படக் கடிதம் எழுதியவர்: 'தடித்த ஸ்வெட்டர் கொண்டு வா, எங்கள் ஹீட்டரை நம்பாதே.' நல்ல மனுஷன், அதுதான் தொல்லை.

முடிவு ஒன்று: அவள் வக்கீலுக்குக் கடிதம் அனுப்புகிறாள், நீதிபதி அவள் நேர்மையை மெச்சி [வேண்டாம், சினிமா.]

முடிவு இரண்டு: அனுப்பவில்லை. வாண்டா சாமான்களை ஏற்றுகிறாள், பனியில் கட்டிலின் கால்...

எழுத முடியவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டரை. வாண்டாவின் வக்கீல் மறுபரிசீலனை கேட்க ஐந்து மணிவரை நேரம். கடிதம் தயார், எமெட்டுக்கு வாசித்துக் காட்டினாள், கேட்டேன். அனுப்பினாளா என்று மட்டும் தெரியவில்லை. போய்க் கதவைத் தட்டலாம். நானே வக்கீலுக்குப் போன் பண்ணலாம். பண்ணாமல் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

5

அவள் இடத்தில் இருந்தால் பெரும்பாலானோர் அனுப்பிவிடுவார்கள்.¹

———
1. ஆதாரம் தேடினேன். ஒரே ஒருவர்தான் கிடைத்தார்: இதைப் படிக்கிற நீங்கள். உங்களையும் ஆறாம் பக்கம்வரை நான் படித்துப் பார்க்கவில்லை.