முப்பதாவது நாள்

ஷட்டர் முக்கால்வாசி இறங்கிவிட்டது. அவள் கைப்பையை முதலில் உள்ளே வீசினாள். பிறகு குனிந்து, தவழாத குறையாக நுழைந்து, வெளியே தயங்கி நின்ற அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மேடம்! மேடம்! டைம் முடிஞ்சு போச்சு!" காவலாளி கையில் கொக்கிக் கம்போடு ஓடி வந்தார்.

"மூணு அம்பத்தேழு. உங்க கடிகாரத்துக்கு வீட்டுக்குப் போற அவசரம்னா அதுக்கு நானா பொறுப்பு?"

"சிஸ்டமெல்லாம் மூடிட்டாங்கம்மா."

"நான் சிஸ்டத்தைப் பார்க்க வரலை அண்ணே. மனுஷங்க யாராவது மிச்சம் இருக்காங்களா?"

காவலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவர் செய்த தவறு. அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் ஐந்து கவுண்ட்டர்களையும் தாண்டி, கண்ணாடித் தடுப்புக்குள் இருந்த மேசையின் முன் போய் நின்றுவிட்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு முன்பு வரை அவள் தான் ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரியில், ஸ்கேன் அறைக்கு வெளியே, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள். அக்கா வந்தாள். ஒரு தடித்த கவரை நீட்டினாள்.

"சின்னு, மாசா மாசம் வட்டி எவ்வளவு வரும்னு இதுல எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னு பாரேன்."

சின்னு பார்த்தாள். வட்டி எந்தப் பக்கத்திலும் இல்லை. நான்காவது பக்கம் வந்தபோது சாப்பாட்டு டப்பா தானாக மூடிக்கொண்டது.

அக்கா பத்தொன்பது வருடம் தையல் ஆலையில் சட்டைக் கை தைத்தவள். ஆலையை மூடினார்கள். கணக்குத் தீர்த்துக் கையில் எட்டு லட்சம் கொடுத்தார்கள். அக்காவிடம் ஒரு திட்டம் இருந்தது, நல்ல திட்டம்: வீட்டுக் கூரைக்காக ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கிய மூன்று லட்சத்தை முதலில் அடைப்பது, மீதி ஐந்தை டெபாசிட்டில் போட்டுவிட்டு, அடுத்த வேலை கிடைக்கும்வரை தாக்குப்பிடிப்பது. அவ்வளவுதான். அந்த டெபாசிட்டைப் போடத்தான் போன மாதம் இந்த வங்கிக்கு வந்திருந்தாள்.

திரும்பிப் போனபோது அக்காவிடம் டெபாசிட் இல்லை. சில நாள் கழித்துக் கூரியரில் வந்தது இன்சூரன்ஸ் பாலிசி. கடனுக்கு வைத்திருந்த மூன்றையும் சேர்த்து, வருடத்துக்கு எட்டு லட்சம் பிரீமியம், ஐந்து வருடம் கட்ட வேண்டும். அடுத்த வருடம் கட்டாவிட்டால் போட்ட பணத்தில் பஸ் செலவுக்குக்கூடத் தேறாது. ஃபைனான்ஸ் கம்பெனிக் கடன் அப்படியே நின்றது, மாதம் ஆறாயிரம் வட்டியைத் தின்றுகொண்டு.

ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. நான்காவது பக்கத்தில், எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்தில்: பாலிசி கைக்கு வந்த முப்பது நாட்களுக்குள் எழுத்துமூலம் திருப்பிக் கொடுத்தால், சில்லறைச் செலவு போக முழுப் பணமும் திரும்பும்.

கூரியர் ரசீதின் தேதியிலிருந்து சின்னு விரல் விட்டு எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள். இன்று முப்பதாவது நாள்.

டாக்சியில் வரும்போது அவள் காகிதத்தைத் தொடைமேல் வைத்து இரண்டு பிரதியாகக் கடிதம் எழுதினாள். எழுதிக்கொண்டே கத்தினாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலையாக்கா உனக்கு? ஒரே ஒரு வார்த்தை! நான் என்ன வேற ஊர்லயா இருக்கேன்?"

அக்கா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவன் எழுந்து நின்றான். முப்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, அதன் பாக்கெட்டில் விற்பனைப் பரிசாகக் குத்திய ஒரு பித்தளை நட்சத்திரம். அக்காவைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு புன்னகை தானாக வந்து உட்கார்ந்தது.

"வாங்கம்மா, எப்படி இருக்கீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணி காட்டினது போதும்," என்றாள் சின்னு. கடிதத்தை மேசைமேல் அறைந்தாள். "பாலிசியைத் திருப்பிக் கொடுக்கறோம். இது கடிதம், இது நகல். நகல்ல இன்னைக்குத் தேதி, மணி போட்டு ஒரு சீல். அதோட நாங்க போயிட்டே இருப்போம்."

நட்சத்திரம் கடிதத்தைத் தொடவில்லை, சூடான பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"மேடம், நீங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"இவங்க தங்கச்சி."

"பாலிசிதாரர் அவங்கதானே? அவங்க என்ன நினைக்கறாங்கன்னு..."

"அக்கா, நீ என்ன நினைக்கறே?"

"திருப்பிக் கொடுத்துடுங்க தம்பி," என்றாள் அக்கா மெதுவாக.

"கேட்டுச்சா? இல்ல ஸ்கேன் எடுத்துக் காட்டணுமா?"

நட்சத்திரம் குரலைத் தாழ்த்தினான். "மேடம், இது ரொம்ப நல்ல பிளான். இப்பத்தான் விதை போட்டிருக்காங்க. முளைக்கறதுக்குள்ள பிடுங்கினா எப்படி?"

"இருபத்திநாலு சதவீதம் வட்டி கட்டற கடன் இவங்க தலைமேல உட்கார்ந்திருக்கு. உங்க பிளான் ரொம்ப நல்லா ஓடினா எவ்வளவு தரும்?"

"அது மார்க்கெட்டைப் பொறுத்து... ஒரு எட்டு..."

"இருபத்திநாலு போயிட்டிருக்கு, எட்டு வருது. ஓட்டைப் பானையை அடைக்காம, அதுக்குள்ள குழாயைத் திறந்து விடச் சொன்னீங்க. இதுக்கு ஒரு நட்சத்திரம் வேற! அதுல எத்தனை முனை எங்க அக்கா காசு?"

பக்கத்துக் கவுண்ட்டரில் நோட்டுக் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்த பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"சத்தம் போடாதீங்க மேடம். இதெல்லாம் தலைமை ஆபீஸ்லதான் வாங்குவாங்க. நாளைக்குக் காலையில..."

"நாலாவது பக்கம், மூணாவது பத்தி. எந்தக் கிளையிலும் கொடுக்கலாம்னு போட்டிருக்கு. படிச்சுக் காட்டவா, இல்ல பூதக்கண்ணாடி வெச்சிருக்கீங்களா?"

"சிஸ்டம் மூடியாச்சே..."

"ரப்பர் ஸ்டாம்புக்கு எதுக்குய்யா சிஸ்டம்?"

நான்கு பத்து. கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் அம்மாள் வெளியே வந்தார். தோளில் பை, கையில் வண்டிச் சாவி. "என்ன பிரச்சனை?"

சின்னு திரும்பினாள். குரலை ஒரு படி இறக்கினாள். கத்துவதைவிட அது மோசமாக இருந்தது. கவரில் பாலிசியோடு வந்திருந்த விண்ணப்பத்தின் நகலைப் பிரித்து, ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"மேடம், இதைக் கொஞ்சம் படிங்க. தொழில்னு ஒரு கட்டம் இருக்கு."

மேலாளர் படித்தார். அவர் புருவம் உயர்ந்தது. "ஆடை ஏற்றுமதியாளர். ஆண்டு வருமானம் முப்பது லட்சம்."

"அவங்க செருப்பைப் பாருங்க மேடம். ஏற்றுமதியாளர் செருப்பு."

மேலாளர் பார்த்தார். அக்கா கால் விரல்களைச் செருப்புக்குள் இழுத்துக்கொண்டாள். சின்னுவுக்கு அந்த நொடியில் தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் நிறுத்துகிற இடத்தை அவள் தாண்டியிருந்தாள்.

"பத்தொன்பது வருஷம் சட்டைக் கை தைச்சு வந்த காசு மேடம் இது. இப்ப அவங்களுக்கு வேலையும் இல்லை. அடுத்த வருஷம் எட்டு லட்சத்துக்கு எங்கே போவாங்க? நீங்க சீல் போடாம இந்த ஷட்டர் இறங்கினா, நானும் உள்ளேயேதான் இருப்பேன். நாளைக்கு நீங்க வந்து திறக்கறப்ப நான் வணக்கம் சொல்றேன்."

மேலாளர் நட்சத்திரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில், மாத இறுதிக் கூட்டங்களில் அவனுக்குத் தட்டிய கைதட்டல்களும் இருந்தன, இப்போது அவனைத் தள்ளிவிட வேண்டிய அவசரமும் இருந்தது.

"கையெழுத்து ஒத்துப் போகுதா பாருங்க," என்றார்.

"கொஞ்சம் மாறுது மேடம். 'ல' வளைவு..." நட்சத்திரத்துக்கு மீண்டும் உயிர் வந்தது.

"டாக்சியில போட்ட கையெழுத்து வளையாம கோடு போட்ட மாதிரியா இருக்கும்? அக்கா, உட்காரு. இங்கேயே, இவர் கண்ணெதிர்லயே இன்னொண்ணு போடு."

அக்கா உட்கார்ந்தாள். பேனாவைப் பிடித்தாள். ஊசிக்கு நூல் கோப்பவளைப்போல மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். ஒரு வளைவுகூடப் பிசகவில்லை.

மேலாளர் தானே மேசை இழுப்பறையைத் திறந்தார். சீல் மைப்பலகையில் ஒருமுறை இறங்கியது, நகலில் ஒருமுறை. 'பெறப்பட்டது.' கீழே தேதி. பேனாவால் நேரம்: நான்கு இருபத்தொன்று.

"பத்து, பதினஞ்சு நாள்ல கணக்குக்கு வந்துடும்மா," என்றார் அக்காவிடம். 'அம்மா' என்ற வார்த்தையில் முதல்முறையாக ஒரு மரியாதை இருந்தது.

அக்கா கண்களை மூடித் திறந்தாள். நகலை இரண்டாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்தாள். "ரொம்ப நன்றிங்க. வா சின்னு, போகலாம்."

"எங்கே போறது? இன்னும் முடியலை."

"முடிஞ்சுது வாடி. காசு வந்தா போதும்."

"எனக்குப் போதாது!" சின்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மேடம், இன்னொரு வெள்ளைப் பேப்பர் கொடுங்க. இவர்மேல புகார் எழுதறேன். வேலையில்லாதவங்களை ஏற்றுமதியாளர்னு எழுதினது, கடனை அடைக்க வேண்டாம்னு சொன்னது, டெபாசிட்னு சொல்லி பாலிசியை வித்தது. மூணும்."

"சின்னு, வேண்டாம்."

"நீ சும்மா இரு அக்கா. நீ சும்மா இருந்து இருந்துதான் இவங்கெல்லாம் நட்சத்திரம் குத்திக்கிட்டு நிக்கறாங்க."

"சொன்னாக் கேளுடி. எனக்குத் தலை சுத்துது. வீட்டுக்குப் போகலாம்." அக்கா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிடியில், சீல் விழும்வரை இல்லாத ஒரு பதற்றம் இருந்தது.

நட்சத்திரத்தின் முகம் வெளுத்திருந்தது. புகார் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். பாக்கெட்டில் குத்தியிருப்பது போகும்; பிறகு பாக்கெட்டும் போகும்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லிக்கறேன்," என்றான் மேலாளரிடம். "தப்புதான். தொழில்னு போட்டது நான்தான். ஆனா நான் கட்டாயப்படுத்தலை. இவங்க பேனாவைக் கீழே வெச்சுட்டு, 'வேண்டாம் தம்பி, எனக்குப் புரியலை, நான் கேட்டுட்டுப் போடறேன்'னாங்க. போன் பண்ணினாங்க. ரெண்டு தடவை யாரும் எடுக்கலை. மூணாவது தடவை எடுத்தாங்க. பேசினப்புறம்தான் கையெழுத்துப் போட்டாங்க. நான் இங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன்."

"பொய்," என்றாள் சின்னு.

"அவங்களையே கேளுங்க மேடம்."

சின்னு அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

"போன் பண்ணினியா?"

"விடுடி."

"ஓ! என்னைக் கேட்கலை, வேற யாரையோ கேட்டிருக்கே. யாரு அந்த மேதாவி? மாமாவா? ஆலையில கூட வேலை பார்த்தவங்களா? யாரு சொல்லி எட்டு லட்சத்தைத் தூக்கிக் கொடுத்தே? சொல்லு, புகார்ல அந்தப் பேரையும் சேர்த்து எழுதறேன். இவன் அந்நியன், தின்னத்தான் பார்ப்பான். கூட இருந்துக்கிட்டே குழி பறிச்சது யாரு?"

"வேண்டாம்னு சொல்றேன் இல்ல..."

"சொல்லுக்கா!"

வங்கி முழுவதும் கேட்டது. ரப்பர் பேண்ட் போட்ட பெண் கையை நிறுத்தினாள். காவலாளி ஷட்டர் ஓரத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்.

அக்கா நிமிர்ந்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை. ஒரு மாதமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்கிற களைப்புதான் இருந்தது.

"உன்னைத்தான் கேட்டேன் சின்னு. 'ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேட்கறாங்க, போடவா'ன்னேன். 'ஸ்கேன்ல ஆள் படுத்திருக்காங்க, என் உயிரை வாங்காதே, போட்டுத் தொலை'ன்னே. எதுக்குக் கையெழுத்துன்னு நீ கேட்கலை."