ஒரு குடுவை, பல ஆஸ்பத்திரி

முத்தையாபுரத்தில் இருந்தது எங்கள் ரசாயனக்கூடம். மருத்துவ ஆராய்ச்சி செய்கிறவர்களில் யாருக்கும் சொந்தமாக இப்படி ஒன்று வைத்துக்கொள்ள வசதி கிடையாது. இன்ன மருந்து வேண்டும் என்று கேட்பார்கள். நாங்கள் செய்து அனுப்புவோம். நல்ல பெரிய குடுவை ஒன்றுதான். தெருவுக்கே ஒரு குழாய் என்றால் வரிசை வராமலா இருக்கும்?

எழுபத்தாறில், மதுரை டாக்டர் ஒருவர் கேட்ட ரத்தப் புற்றுநோய் மருந்து வரிசையில் பின்னால் கிடந்தது. அவருடைய வார்டில்தான் என் வீட்டுக்காரர் ரோச் படுத்திருந்தார். முந்திச் செய்யலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. யானைக்கால் ஆராய்ச்சி செய்த சங்கரபாண்டியன் சார்தான் விஷயம் கேள்விப்பட்டு வந்து, தன் முறையை விட்டுக்கொடுத்தார்.

"என் எலி காத்துக் கெடக்கும். மனுசன் கெடப்பானா? அத மொதல்ல செய்யுங்கம்மா."

கடல் காற்று பட்டால் ஈரம் ஏறிப் பாழாகிவிடும் பொடி அது. ஜன்னலெல்லாம் சாத்தி, வியர்வையில் குளித்துச் செய்து முடித்தேன். அதை மாத்திரையாக்கி நானே மதுரைக்குக் கொண்டுபோனேன்.

ரோச் மாத்திரையைப் பார்த்தார். "ஏளா, நீ வைக்குத கொழம்பயே தண்ணி குடிச்சித்தான் எறக்குதேன். இத நம்பி முழுங்கச் சொல்லுதியே."

சிரித்துக்கொண்டே விழுங்கினார். ஆனாலும் மருந்து கேட்கவில்லை. மழைக்காலம் முடியுமுன் அவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

நான்தான் சரியாகச் செய்யவில்லையோ என்று மிச்சப் பொடியைச் சோதித்துப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. பழி போட என் கைகூட இல்லாமல் போனதில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சில வாரம் கழித்து எங்கள் தலைவர் எபனேசர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"மதுரையில அதே மருந்தக் கொஞ்சம் மாத்திக் கேக்காங்க. ஈரல் அத ஒடச்சிருதாம், ரத்தத்துல தங்கலயாம். நீ செய்யாண்டாம் ஜெயசெல்வி, வேற ஆளு பாக்கட்டும்."

"ஈரல் ஒடைக்குன்னு எப்படி சார் தெரிஞ்சதாம்?"

அவர் தரையைப் பார்த்தார். "ரோச்சுக்குத் தெனமும் ரத்தம் எடுத்தாங்கல்லா. அதுல பாத்துத்தான்."

"அப்ப நானே செய்யுதேன்."

அந்தக் கட்டிலில் இப்போது யார் வீட்டுக்காரர் படுத்திருக்கிறாரோ, தெரியாது. அவர் பிழைக்கட்டும் என்று மனதார நினைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில், முகம் தெரியாத அவர் மனைவி மேல் எனக்குப் பொறாமை வந்தது. அழுதுகொண்டே குடுவையைச் சூடேற்றினேன்.