கட்டிய தொப்பி

அந்த ஆண்டு அரிசோனாவில் எங்கள் பிழைப்பு ஒரு நாவலைப் படமாக்கும் வேலையை நம்பி ஓடியது. படத்தில் குதிரை ஓட்டிய எங்களில் லைல் மட்டும்தான் அதைப் படித்தவன். கதாநாயகன் கடைசிப் பக்கம்வரை சாகவில்லை என்று வந்து சொன்னான். கதாநாயகனாக நடித்த நட்சத்திரத்துக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழுவதுதான் லைலின் வேலை.

"அப்போ எனக்கும் சாவு கிடையாதுடா" என்று சிரித்தான்.

ஊமைப் படத்தில் எல்லோரும் கத்துவோம். வாய் அசைந்தால் போதும், என்ன கத்துகிறோம் என்று எவனுக்கும் அக்கறையில்லை. அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. உண்மையிலேயே ஆபத்தென்றால் தொப்பியைக் கழற்றி வீச வேண்டும். தொப்பி பறந்தால் கேமராவாவது மண்ணாவது, எல்லோரும் ஓடுவோம்.

ஆற்றைக் கடக்கும் காட்சியன்று இயக்குநர் கெஸ்லர், லைலின் தொப்பியைப் புருவம்வரை இழுத்து, தாடைக்கடியில் வாரால் இறுகக் கட்டச் சொன்னார். முகம் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம். எங்கள் பழக்கத்தை அவரிடம் எடுத்துச் சொன்னேன்.

"கைய ஆட்டச் சொல்லுப்பா, போதும்" என்றார்.

சாகிற காட்சியில் கையை ஆட்டாதவன் யார்?

குதிரையை விழவைக்க அதன் முன்னங்காலில் கட்டிய கம்பி சுண்டியதும், அது தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தது. அடியில் லைல். கையை ஆட்டினான், கத்தினான். அருமை, இன்னும் கத்து என்று கெஸ்லர் கூம்புக்குழலை வாயில் வைத்துக் கூவினார். கரையில், நடிப்பவர்களுக்கு உணர்ச்சி வரவென்று அமர்த்தியிருந்த வயலின்காரர் சோகமாக வாசித்துக்கொண்டிருந்தார். கட்டியிருப்பது தெரிந்தும், பழக்கதோஷத்தில் நாங்கள் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றோம். கை உள்ளே போன பிறகுதான் ஓடினோம். லைலை உயிரோடு எடுக்க முடியவில்லை.

படம் ஊருக்கு வந்தபோது லைலின் மனைவி எட்னா என்னைத் துணைக்கு அழைத்தாள். அவன் புகைப்படம் ஒன்றுகூட அந்த வீட்டில் கிடையாது. அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்றாள்.

திரையில் குதிரை விழுந்தது. தொப்பி ஆடியது, மூழ்கியது. அடுத்த நொடி நட்சத்திரம் தலை கலையாமல் ஆற்றிலிருந்து எழுந்து வந்தான். 'பிழைத்துக்கொண்டேன்' என்று எழுத்து வந்தது. நாவலில் அப்படித்தானே. கொட்டகையே கைதட்டியது.

எட்னா அழவில்லை.

"தொப்பிய கொஞ்சம் தூக்கியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்" என்றாள்.

அதைக் கட்டியிருந்தார்கள் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும்தான்.