ஐந்தாம் நாள் ஊசி

வார்டில் நர்ஸ் எர்மெக் ஊசிக்கு மூடி போடுவதே இல்லை. தள்ளுவண்டியின் ஓரத்தில் மஞ்சள் பெட்டி இருக்கிறது. போட்டு முடித்ததும் ஊசி அதற்குள் விழும். எட்டு வருஷமாக அவன் கை பார்க்காமலே அங்கே போகும்.

வீடுகளில் பெட்டி கிடையாது. போட்ட ஊசி சட்டைப்பையில் ஏறி மருத்துவமனைக்குத் திரும்பி வர வேண்டும். அதனால் வேலை முடிந்து வீடு வீடாகப் போய் ஊசி போடுகிற அந்த மலையூர் நர்ஸுகள் எல்லாரும் மூடி போடுவார்கள். இடது கையில் மூடி, வலது கையில் ஊசி. அதை யாரும் தவறென்று நினைத்ததில்லை. குப்பையில் போட்டால் பிள்ளைகள் எடுத்து விளையாடும். அதைவிட இது மேல்.

மூத்த பெண்ணை எஜே, மூத்த ஆணை பாய்கே என்று கூப்பிடுகிற ஊர் அது. அன்று உல்கான் எஜே வீட்டில் ஐந்தாம் நாள் ஊசி. அவளுடைய தம்பி ஜோல்தோஷ் சைபீரியாவில் நாலு வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு, நெஞ்சு நிறைய சளியோடு வந்து இறங்கியிருந்தான். நாற்பத்திரண்டு வயது. விலா எலும்புகளை எண்ணலாம். மருத்துவமனையில் ஒரு வாரம் கிடந்தான். மீதி ஏழு ஊசிகளை வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்தவன் என்பதால் கம்பள அறையில் வாசலுக்கு எதிரே இருக்கிற மரியாதை இடம் அவனுக்கு. அக்காவின் மூன்று பெண் பிள்ளைகள் ஊசி போடும் நேரம் பார்த்து அங்கே கூடிவிடும்.

"டாக்டர், மாமா இன்னைக்கு அழுவாரா?" என்றாள் நடுப்பெண். ஊசி போடுகிற யாரையும் அந்த ஊர் டாக்டர் என்றுதான் கூப்பிடும்.

"நேத்து அழுதேனா?" என்றான் ஜோல்தோஷ், தலையணையில் முகம் புதைத்தபடி.

"பல்லைக் கடிச்சீங்க. சத்தம் கேட்டுச்சு."

எர்மெக் மருந்தை ஏற்றி ஊசியை உருவினான். கடைக்குட்டி அதற்குள் கையை நீட்டிவிட்டாள். அவளுக்கு அந்தக் கண்ணாடி மாதிரி இருந்த குழாய் வேண்டும். அவன் அவசரமாகத் திரும்பி மூடியைப் போட்டான். முனை மூடியின் விளிம்பில் சறுக்கியது. இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது.

ஒரு சிவப்புப் பொட்டு வந்தது. வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதைக் கவனித்தான். பதினாலு மாதமாக அவனுக்கு எதுவும் பெரிதாக வலித்ததில்லை.

முற்றத்துக் கம்பத்தில் தொங்கிய தண்ணீர் டப்பாவின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த முளையைத் தட்டித் தட்டித் தண்ணீர் விட்டு, சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினான். தண்ணீர் எலும்பைத் துளைக்கிற குளிர். மேலே மலைமுகட்டில் முதல் பனி விழுந்திருந்தது.

"என்ன டாக்டர், கையைத் தோலுரிக்கப் போறீங்களா? எங்க வீடு அவ்வளவு அழுக்கா?" என்றாள் உல்கான் வாசலில் நின்று.

"பழக்கம் எஜே."

"அந்தப் பழக்கம் இருக்கட்டும். ரொட்டி தொடாம வாசப்படி தாண்டக்கூடாது, அந்தப் பழக்கத்தையும் பாருங்க."

விரிப்பில் உட்கார்ந்து ஒரு துண்டு பிய்த்தான். பாலாடையில் தோய்த்துத் தின்றான். ஜோல்தோஷ் சுவரில் சாய்ந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து நடந்தான். கணக்கு அவனுக்குத் தெரியும். ஊசி குத்தின முதல் சில மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை போட வேண்டும். மூன்று நாள் தாண்டினால் போட்டும் பயனில்லை. வருஷா வருஷம் ஜனவரியில் இதைப் படித்ததாகக் கையெழுத்துப் போடுகிறான். மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்று. அந்த ஒன்றுக்குப் பயமில்லை. மீதி இரண்டு இருக்கின்றன. ஒன்று எய்ட்ஸ். இன்னொன்று ஈரலைத் தின்கிற, தடுப்பூசி இல்லாத காமாலை வகை.

ஜோல்தோஷுக்கு இவற்றில் ஏதாவது உண்டா என்று தெரிந்தால் போதும். ஆனால் அதை எப்படிக் கேட்பது? வீட்டுக்கு வந்த உறவை உட்கார வைத்து, உனக்கு அந்த நோய் இருக்கிறதா பார்க்கிறேன், விரலை நீட்டு என்றா? சாயங்காலத்துக்குள் ஊர் அந்த வீட்டில் டீ குடிப்பதை நிறுத்திவிடும். அதோடு நர்ஸுகள் வீடுகளுக்குப் போய் ஊசி போட மருத்துவமனை அனுமதி கிடையாது. சொன்னால் தன் வேலைக்கும் கேடு.

விட்டுவிடலாம் என்று தோன்றியது. முடிவு என்றுகூட அதைச் சொல்ல முடியாது. தலைவலி என்று படுத்த மனைவி குல்னுரா இரண்டு நாளில் இறந்துபோன பிறகு, அவன் எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தான்.

அவன் மகள் மீரிம் பக்கத்து வீட்டு ரகாத்திடம் இருந்தாள். நாலு வயது. தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவன் வலது கையை நீட்டினான். அவள் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தாள்.

"இந்த விரல்தான் என்னோடது அத்தா."

அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துக்கொண்டே வாயைக் கொண்டுவந்து கடிக்கப் போனாள்.

அவன் கையை வெடுக்கென்று தலைக்கு மேலே தூக்கினான்.

மீரிம் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். கழுவின விரலைக் கடித்து எதுவும் தொற்றாது என்று அவனுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. தெருவின் நடுவே நின்றான். நெஞ்சு அடித்துக்கொண்டது. அது இப்படி அடிக்கும் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. தனக்கு ஒன்று வந்தால் இவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

"அத்தா, ஏன் கையைத் தூக்கிட்டே நிக்கறீங்க?"

"வா. சல்தனத் அத்தை வீட்டுக்குப் போறோம்."

சல்தனத் எஜே தலைமை நர்ஸ். மாத்திரை இருக்கும் அலமாரியின் சாவி அவளிடம்தான். மாவு பிசைந்த கையோடு கதவைத் திறந்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் கையைத் துணியில் துடைத்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சரை."

"இப்ப ஏழாகப் போவுது. இவ்வளவு நேரம் என்னடா பண்ணின? ஆடு மேய்ச்சியா?"

"ரொட்டி தின்னேன்."

"நல்லா இருந்துச்சா?"

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி. அலமாரியைத் திறந்து மாத்திரையைக் கையில் கொட்டி, விழுங்குகிற வரை எதிரே நின்றாள். பிறகு அவன் ரத்தத்தையும் ஒரு குழாயில் எடுத்துப் பேர் எழுதி வைத்தாள். ரப்பர் கையுறை ஒன்றை ஊதிக் கட்டி மீரிமிடம் கொடுத்தாள். ஐந்து விரல் பலூன். அதற்குப் பிறகு அந்த அறையில் குழந்தை இருப்பதே தெரியவில்லை.

சல்தனத் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஊசி குத்திய விபத்துகளை எழுத வேண்டிய நோட்டு. முதல் பக்கம் வெள்ளை. இரண்டாம் பக்கமும் வெள்ளை.

"ஆறு வருஷமாடா இது இப்படி இருக்கு. போன தடவை மேலேருந்து சோதனை பண்ண வந்த கமிஷன்காரங்க இதைப் பார்த்துட்டு எனக்குக் கை குடுத்துட்டுப் போனாங்க. உங்க ஆஸ்பத்திரியில ஒரு சொட்டு ரத்தம் சிந்தறதில்லன்னாங்க."

"உங்களுக்கு எத்தனை தடவை குத்தியிருக்கு எஜே?"

"எந்தக் கையில கேக்கற?" என்றாள். பிறகு, "ஸ்பிரிட்டால துடைச்சிட்டு டீ குடிச்சிடுவோம். எழுதினா கவனமில்லாதவன்னு பேரு. எதுக்கு?"

"அப்புறம் ரத்தம் பார்த்தீங்களா?"

அவள் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "பார்க்கல. பார்த்தா தெரிஞ்சிடும்ல."

நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வார்டுல நடந்ததுன்னு எழுதறேன்" என்றாள். "வீடுன்னு எழுதினா பெரிய டாக்டர் உன்னைக் கூப்பிடுவார். அப்புறம் என்னை. நானும் மூணு வீட்டுக்குப் போறவதானே. ஊசிக்கு முட்டையும் பாலும் எந்த வீட்டுல குடுக்கறாங்கன்னு ஊருக்கே தெரியும்."

"வார்டுன்னா எந்த நோயாளி? ஒரு பேர் எழுதணும். அந்த ஆளைக் கூப்பிட்டு ரத்தம் எடுப்பாங்க. ஒண்ணுமே தெரியாம படுத்திருக்கிறவர் பேர் இந்த நோட்டுல ஏறணுமா?"

"உனக்கு வாயே இல்லன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள் சல்தனத். பிறகு எழுதினாள். மணி, விரல், மருந்தின் பேர். இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. வீடு என்று எழுதினாள். அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்தது.

"நாளைக்கு அந்த ஆள்கிட்ட யார் கேக்கறது? நான் வரட்டுமா?"

"வேணாம் எஜே. நீங்க வந்தா ஊரே வந்த மாதிரி."

"அதுவும் சரிதான்" என்று இரண்டு சோதனை அட்டைகளையும் ஒரு சின்ன மஞ்சள் பெட்டியையும் அவன் பையில் வைத்தாள். "அவன் முடியாதுன்னா வற்புறுத்தாதே. இருபத்தெட்டு நாள் மாத்திரை முழுங்கிட்டு கண்ணைக் கட்டிட்டு இருக்க வேண்டியதுதான்."

காலையில் வேலைக்கு முன்னாலேயே உல்கான் வீட்டுக்குப் போனான். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். உல்கான் அடுப்பில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன டாக்டர், இன்னைக்குக் காலங்காத்தால?"

"அக்கா" என்றான் ஜோல்தோஷ் உள்ளிருந்து. "கடைக்குப் போய் சிகரெட் வாங்கிட்டு வா."

"நெஞ்சு வெந்து கிடக்கு, உனக்குச் சிகரெட்டா?"

"எனக்கில்ல. டாக்டருக்கு."

எர்மெக் சிகரெட் பிடிக்காதவன். உல்கான் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். வெளிக்கதவு சாத்தும் சத்தம் வரை ஜோல்தோஷ் காத்திருந்தான்.

"நேத்து உன் விரல்ல குத்திச்சு. தலையைத் திருப்பினப்ப நான் பார்த்தேன்."

எர்மெக் பையைக் கீழே வைத்தான்.

"நீயே சொல்வேன்னு பார்த்தேன். சொல்லாம ரொட்டி தின்ன."

"நீங்க ஏன் சொல்லல பாய்கே?"

"என்னன்னு சொல்றது? என் ரத்தம் நல்ல ரத்தமான்னு எனக்கே தெரியாது." இருமல் வந்து அடங்கியது. "அங்க இரும்புப் பெட்டி மாதிரி ஒரு ரூம்ல பதினோரு பேர் இருந்தோம். ஒரே ரேஸர். ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தன் இளைச்சு இளைச்சுச் செத்தான். என்ன நோயின்னு யாரும் கேக்கல. அடுத்த நாள் காலையில நான் அதே ரேஸர்ல முகம் மழிச்சேன். அன்னைலருந்து ராத்திரி ராத்திரி அதையே நினைச்சிட்டுக் கிடக்கேன். ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தப்ப இதையும் பார்த்திருப்பாங்களோன்னு நடுங்கிட்டு இருந்தேன். பார்க்கல போல."

"நீங்க சரின்னு சொல்லாம பார்க்கமாட்டாங்க."

"நீ பார்க்கத்தானே வந்த?"

"நீங்க சரின்னா. கட்டாயமில்ல. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா பாய்கே. அவளுக்கு அம்மா இல்ல. அதான் வந்தேன்."

ஜோல்தோஷ் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுண்ணாம்பு தின்ற பெரிய கை. பிறகு நடுவிரலை நீட்டினான்.

"இதுல எடு. மத்தது வேலை செய்யற விரல்."

குத்திய சின்ன முள்ளூசி மஞ்சள் பெட்டிக்குள் விழுந்தது. இரண்டு அட்டையிலும் ஒவ்வொரு சொட்டு. ஜன்னல் விளிம்பில் வைத்தான். கால்மணி நேரம் ஆகும். இருவரும் அதைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"பொண்ணு பேரென்ன?"

"மீரிம்."

"அம்மா எப்போ?"

"பதினாலு மாசம். குல்னுரா." பேரைச் சொல்லிவிட்டான். வீட்டில்கூட சொல்வதில்லை.

"உடம்பு முடியாமலா?"

"தலைவலின்னா. நான் மாத்திரை குடுத்துத் தூங்கச் சொன்னேன்."

ஜோல்தோஷ் கெண்டியை எடுத்து அவன் கிண்ணத்தில் டீ ஊற்றினான். கிண்ணம் நிறையவில்லை, பாதிதான். சீக்கிரம் போக வேண்டாம், இன்னும் ஊற்றுகிறேன் என்பவர்கள் அந்த ஊரில் அப்படித்தான் ஊற்றுவார்கள். எர்மெக் குடித்தான். ஜோல்தோஷ் மறுபடி பாதி ஊற்றினான்.

நேரம் ஆனதும் எர்மெக் எழுந்து போய்ப் பார்த்தான். முதல் அட்டையில் ஒரு கோடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ஒரே கோடுதான்.

"எய்ட்ஸ் இல்ல பாய்கே."

ஜோல்தோஷ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. இருமலா அழுகையா என்று தெரியவில்லை.

இரண்டாவது அட்டையில் இரண்டு கோடு. ஒன்று மங்கல். மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். எர்மெக் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"இன்னொண்ணு இருக்கு. ஈரல் சமாசாரம். இது இருக்கலாம்னு காட்டுது. நரின் டவுன் ஆஸ்பத்திரியில பெரிய சோதனை பண்ணித்தான் உறுதியா சொல்வாங்க."

"சாவேனா?"

"இதுக்கு மாத்திரை இருக்கு. மூணு மாசம். பெரும்பாலும் முழுசாப் போயிடும். இன்னும் பத்து வருஷம் தெரியாம இருந்திருந்தா ஈரல் போயிருக்கும்."

ஜோல்தோஷ் கொஞ்ச நேரம் அதை மென்று பார்த்தான். பிறகுதான் அவனுக்கு மற்றது உறைத்தது. "உனக்கு?"

"தெரியாது. நூறு பேருக்குக் குத்தினா ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும்பாங்க. ஆறு வாரத்துல எனக்கும் பார்ப்பாங்க. வந்தா எனக்கும் அதே மாத்திரை." சொல்லச் சொல்ல அது சாதாரணமாகக் கேட்டது. நூறில் தொண்ணூற்றெட்டு. கெட்ட எண் இல்லை. "எய்ட்ஸ் மாத்திரையை நிறுத்தலாமான்னு நரின் டாக்டர்தான் சொல்லணும். அதுவரைக்கும் முழுங்கணும்."

"என்னால உனக்கு..."

"உங்களால இல்ல. மூடியால."

ஆறாவது ஊசி பாக்கி இருந்தது. போட்டான். மூடியைத் தொடவில்லை. ஊசி பெட்டிக்குள் விழுந்து சின்னதாகச் சத்தம் போட்டது. ஜோல்தோஷ் சட்டையை இறக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"அக்காகிட்ட நானே சொல்றேன். நீ எதுவும் பேசாதே."

"சரி."

"நரினுக்கு வேன் எப்போ?"

"திங்கக்கிழமை. காலையில ஏழு மணிக்கு."

"டிரைவர் என்னோட படிச்சவன். உனக்கும் முன்னாடி ஒரு சீட்டு சொல்லி வைக்கிறேன்."

எர்மெக் பையை மாட்டிக்கொண்டான்.

"ரெண்டாச் சொல்லுங்க பாய்கே. பொண்ணை விட்டுட்டு வரமாட்டேன்."