இரட்டைக் கோடு

பாட்டு டீச்சர் போய்ச் சேர்ந்த பிறகும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பாட்டு அறையை விட்டு எழுந்திரிக்க மாட்டேன் என்கிறார்களாம். ஹெச்.எம். அம்மா போன் செய்தார்.

"பெல் அடிச்சா மத்த கிளாஸெல்லாம் பறக்குது சார். இதுங்க மட்டும் பசை போட்டு ஒட்டின மாதிரி உக்காந்திருக்குதுங்க. ஒவ்வொண்ணா தூக்கிட்டுப் போய் வெளிய விடுறோம். நீங்க வந்து கொஞ்ச நாள் கிளாஸ் எடுத்துப் பாருங்களேன்."

பாட்டு டீச்சர் என் மனைவி. நான் பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறவன். பிள்ளைகளை மேய்த்துப் பழக்கமில்லை. ஆனாலும் போனேன்.

சின்னச் சின்ன நாற்காலிகள், ஜன்னலோரம் பழைய பியானோ, கரும்பலகை. பலகையில், மேல்நாட்டு முறையில் சுரம் எழுத அவள் போட்ட ஐந்து கோடுகள். அவற்றின்மேல் எழுதிக்கொண்டிருந்த மெட்டு பாதியில் நின்றிருந்தது. எழுதும்போதே விழுந்திருக்கிறாள். இடது கைக்காரி; அவள் போடும் சுரங்கள் எல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பிள்ளைகள் சுரத்தை முட்டை என்பார்கள். உள்ளே காலியாக இருந்தால் பொக்கை முட்டை, நிரப்பியிருந்தால் கெட்டி முட்டை. "மத்த கிளாஸ்ல முட்டை வாங்கினா திட்டு, என் கிளாஸ்ல முட்டை போட்டா கைதட்டல்" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

"பலகையை ஏன் யாரும் அழிக்கலை?" என்று கேட்டேன்.

முன்வரிசையில் இருந்தவள் பதில் சொன்னாள். அவளை எல்லோரும் வாலு என்று கூப்பிட்டார்கள்.

"அழிக்கக் கூடாது சார். டீச்சர் இன்னும் ரெட்டைக் கோடு போடல."

அப்போதுதான் விளங்கியது. மெட்டு முடியும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு, அதை ஒட்டியே ஒரு தடித்த கோடு. அதைப் போட்டால்தான் பாட்டு முடிந்ததாகக் கணக்கு. அதுவரை யாரும் இடத்தை விட்டு எழக்கூடாது. அவள் வகுப்பில் அது சட்டம். பாவம், பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாக்பீஸை எடுத்தேன்.

"இருங்க சார்," என்றாள் வாலு. "அவங்க எழுதி முடிக்கட்டும். தினம் ஒண்ணு போடுறாங்க."

"யாரு?"

"டீச்சர்தான்."

இது கூடத் தெரியாதா என்பது போல் பார்த்தாள். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

யாரோ வாண்டு செய்கிற வேலை என்று நினைத்தேன். சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்தி, அறையை நானே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காலையில் நானே திறந்தேன். பலகையில் மெட்டின் கடைசியில் புதிதாக ஒரு கெட்டி முட்டை, பின்பக்கமாகச் சாய்ந்து. பலகையின் கீழ்ச் சட்டத்தில் சாக்பீஸ் தூள் புதிதாக உதிர்ந்திருந்தது.

பயந்திருக்க வேண்டும். எனக்கு ஆசைதான் வந்தது.

அன்றிலிருந்து புதிதாக வந்ததைப் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் கிளாரினெட்டில் வாசிப்பேன். அவள் எனக்குப் பாடிக் காட்டாத மெட்டு. அடுத்து என்ன வரும் என்று காத்திருப்பதிலேயே பொழுது விடிந்து பொழுது போனது. பெல் அடித்த பிறகு பிள்ளைகளோடு நானும் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன சார், உங்களைக் கூப்பிட்டா நீங்களும் அதுங்களோட சேர்ந்துட்டீங்க?" என்றார் ஹெச்.எம். அம்மா.

"இன்னும் கொஞ்ச நாள் மேடம்."

பிள்ளைகள் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. கணக்கு வகுப்பிலும் எல்லா விரல்களும் ஒரே தாளத்தில் மேசையைத் தட்டுவதாக அந்த டீச்சர் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் வாலுவின் நாற்காலிக்கடியில் தண்ணீர் ஓடியது. அவள் பாவாடை நனைந்திருந்தது. அவள் அசையவே இல்லை.

"சொல்லியிருக்கலாமேம்மா?"

"அவசரமா வந்துச்சு சார். ஆனா ரெட்டைக் கோடு இல்லையே."

என்னை யாரோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆயாவிடம் மாற்றுப் பாவாடை வாங்கி, உட்கார்ந்த இடத்திலேயே மாட்டிவிடச் சொன்னேன். தரையை நானே துடைத்தேன். பிறகு பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

"போதும்மா," என்றேன் மெதுவாக. "பசங்க பாவம்."

மெல்லிய கோட்டைப் போட்டேன். இரண்டாவது கோட்டுக்குக் கை எழவில்லை. பலகைக்கு முதுகைக் காட்டி, அங்கே கிடந்த ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, ஒரு ஆள் நின்றால் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தார்கள்.

பின்னால் சாக்பீஸ் உரசும் சத்தம்.

திரும்பினேன். மெல்லிய கோட்டை ஒட்டித் தடித்த கோடு. சாக்பீஸைப் படுக்கவைத்து இழுத்தது, பின்பக்கமாகச் சாய்ந்து.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. "ஏய், தள்ளாதடா!" "என் செருப்புடா அது!" ஒரே கூச்சல். அறை காலியானது.

வாலு மட்டும் வாசலில் நின்று, தொளதொளவென்ற பாவாடையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சார், நீங்களும் எழுந்திரிக்கலாம்."