நான்கு பேர் படிக்காத கட்டுரை

1

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடிப் பயிற்சி அறையில், தன் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் தாங்கி நின்ற கட்டுரை எங்குமே இல்லை என்று ஓர் ஆய்வு மாணவி கண்டுபிடித்தாள்.

எனக்கு இதைச் சொன்னவர் அண்ணன். அவருக்குச் சொன்னவர் அண்ணி. அந்த நூலகத்தில் நூலகர். அன்றைக்கு வகுப்பெடுத்தவரும் அவர்தான். கதை கிடைத்துவிட்டது என்று உடனே எழுத உட்கார்ந்தேன்.

2

திரையின் நீல வெளிச்சத்தில் அவள் முகம் வெளிறி

[வேண்டாம். பட்டப்பகல். ஜன்னல்கள் திறந்திருந்தன.]

மறுபடி. அண்ணியின் வகுப்பில் ஒரே பயிற்சிதான்: உங்கள் ஆய்வேட்டிலிருந்து ஓர் அடிக்குறிப்பை எடுங்கள், அது சொல்லும் மூலத்தைக் கண்ணால் பாருங்கள். மாணவி சுலபமானதாகப் பார்த்து எடுத்தாள். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியதை அளந்த பழைய கட்டுரை. ஐந்து ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டியது. தன் அளவுகளை ஒப்பிட அவளுக்கு வேறு பழைய கணக்கு கிடையாது. தேடினால், அடிக்குறிப்பில் இருந்த ஆண்டில் அந்த இதழே வெளிவரவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியது அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அந்த ஐவரில் கடைசியாக எழுதியவர் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர்.

3

[இந்தப் பேராசிரியர்மேல்தான் எனக்குச் சந்தேகம்.]

"வாயை மூடிக்கிட்டுக் கொண்டுபோய்க் குடு" என்று அவர் சீறியதாக அண்ணன் சொன்னார். வில்லன் கிடைத்த சந்தோஷத்தில் இரண்டு பக்கம் எழுதி அண்ணியிடம் நீட்டினேன்.

"இதை யாரு சொன்னது?"

"அண்ணன்தான், அண்ணி."

"உங்க அண்ணன் அந்த ரூம்ல இருந்தாரா?"

"இல்ல."

"ஊருக்கெல்லாம் மூலத்தைப் பாருங்கன்னு தொண்டை கிழியச் சொல்றேன். வீட்டுல அண்ணனும் தம்பியும் இப்படி."

உள்ளறையிலிருந்து அண்ணன், "கதைக்கு அதுதான் எடுப்பா இருக்கும்" என்றார்.

பேராசிரியருக்கே போன் செய்தேன். மாணவி சொன்னதும், "நானும் பார்க்கலம்மா. முன்னாடி எழுதினவரை நம்பிட்டேன்" என்றாராம். மறுநாள் அவரே வகுப்புக்கு வந்து மாணவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியில் என்று எழுதியிருந்தேன்.

"நாற்காலி ஒண்ணும் காலியில்ல. ஸ்டூல்தான்" என்று அண்ணி திருத்தினார்.

4

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் மாணவி அந்த இயலையே நீக்கிவிடுகிறாள். இன்னொன்றில் யாரிடமும் சொல்லாமல் கொடுத்துவிடுகிறாள். மூன்றாவதை, வாசகரே, நீங்களே

அண்ணி மூன்றின் மேலும் கோடு போட்டார். "நடந்தது ஒண்ணுதானே, தம்பி?"

நடந்தது இது. மாணவி, பேராசிரியர், அண்ணி மூவரும் ஆண்டை விட்டுவிட்டு, கட்டுரையாளரின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அந்த இதழின் பழைய அச்சு அட்டவணைகளைப் புரட்டினார்கள். கட்டுரை இருந்தது, அடிக்குறிப்பு சொன்ன ஆண்டுக்கு நான்கு வருடம் முன்னால். முதலில் மேற்கோள் காட்டியவர் ஆண்டைத் தவறாகப் போட்டிருந்தார். பின்வந்த நால்வரும் தவறோடு சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நூலகத்திலிருந்து நகல் வந்தது. கிணற்றுக் கணக்கு எண்ணுக்கு எண் சரி.

"வயித்துல பாலை வார்த்தீங்க, மேடம்" என்று மாணவியை முந்திக்கொண்டு சொன்னவர் பேராசிரியர்.

[நகலை நானும் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.]

அடிக்குறிப்பில் ஆண்டு மாற்றப்பட்டது. ஆய்வேடு வெள்ளிக்கிழமை கொடுக்கப்பட்டது.